அம்மா வீட்டு லேண்ட்லைனை எடுத்துவிடலாமா? இணைய அழைப்பு அதன் இடத்தைப் பிடிக்குமா?

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் கிராமம் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிறது. அம்மாவுக்கு 78 வயது. அப்பா போனபிறகு தனியாகத்தான் இருக்கிறார். நான் திருச்சியில், தங்கை சிங்கப்பூரில்.

வீட்டுக் கூடத்தில் 1997-லிருந்து ஒரு லேண்ட்லைன் இருக்கிறது. அம்மாவிடம் ஸ்மார்ட்போனும் உண்டு. ராத்திரி எட்டு மணிக்குத் தங்கை வாட்ஸாப்பில் வீடியோ கால் போடுவாள், பேரப்பிள்ளைகளைப் பார்ப்பார். அதோடு சரி, அந்த போன் ஃப்ரிட்ஜ் மேலே போய்விடும். பாதி நாள் சார்ஜ் இருக்காது. மற்ற எல்லாவற்றுக்கும் லேண்ட்லைன்தான். ஒரு கண்ணில் புரை அறுவை செய்திருக்கிறது, இன்னொன்று பாக்கி. 5-ஆம் எண் பொத்தானில் இருக்கும் சின்னப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்து, அங்கிருந்து கணக்கு வைத்து மற்ற எண்களை அழுத்துவார். மணி அடித்தால் கொல்லையில் மாட்டுக்கொட்டகை வரைக்கும் கேட்கும். எண்களெல்லாம் பெரிய எழுத்தில் ஒரு நோட்டில் எழுதியிருக்கின்றன. 2021 ஜனவரியில், லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் 0 போட வேண்டும் என்று விதி வந்தபோது, ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் பென்சிலால் ஒரு 0 போட்டுக்கொண்டார்.

இப்போது செம்புக் கம்பி இணைப்பை ஃபைபருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். மோடம் வைத்து, அதன் பின்னால் டெலிபோனைச் செருகித் தருவார்களாம். "இதுவும் இன்டர்நெட் வழியாத்தான் சார் பேசும்" என்றார் வந்த தம்பி. எங்கள் ஊரில் ஆடிக் காற்றுக்கே கரண்ட் போய்விடும். மாற்றலாமா, பேசாமல் எடுத்துவிட்டு செல்போனை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடக்குவீதிக்காரன்

எடுத்துவிடுங்கள் சார். தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் 2016-லேயே எடுத்துவிட்டோம். அந்த வருடம் செப்டம்பரில் ஜியோ வந்தது, லேண்ட்லைன் தூசி படிந்து கிடந்தது, மாதாமாதம் வாடகை மட்டும் கட்டிக்கொண்டிருந்தோம். இன்றுவரை அது இல்லையே என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. காலம் மாறிவிட்டது.

குடந்தை எக்ஸ்சேஞ்ச் (ஓய்வு)

முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் இலாகாவில் இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லேண்ட்லைனுக்குக் கரண்ட் உங்கள் வீட்டிலிருந்து வருவதில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து அதே செம்புக் கம்பி ஜோடியில் 48 வோல்ட் டி.சி. வந்துகொண்டே இருக்கும். எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் என்று தனி அறை உண்டு. ஒவ்வொன்றும் 2 வோல்ட் தரும் செல்கள் 24, இடுப்பு உயரத்துக்கு வரிசையாக நிற்கும். உள்ளே நுழைந்ததுமே ஆசிட் நெடி மூக்கில் ஏறும். ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டரை விட்டு அடர்த்தி பார்த்து நோட்டில் எழுத வேண்டும், உள்ளே மட்டம் இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டதற்கு அந்த 24 செல்கள்தான் காரணம். கரண்ட் வெகு நேரம் வராவிட்டால் டீசல் ஜெனரேட்டர் போடுவோம்.

ஆகவே உங்கள் கேள்வியில் நிஜமான விஷயம், இன்டர்நெட்டா கம்பியா என்பது இல்லை. கரண்ட் போனால் போனை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பு யாருடையது என்பதுதான். செம்புக் கம்பிக் காலத்தில் அது எங்கள் பொறுப்பு. ஃபைபர் வந்தபின் அது சத்தமில்லாமல் உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. கண்ணாடி இழையில் வெளிச்சம் போகும், கரண்ட் போகாது. மோடத்துக்கு நீங்கள்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். இதை இணைப்புக் கொடுக்கும்போது யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

வடக்குவீதிக்காரன்

கஜா புயலில் பார்த்தோமே ஐயா, எல்லாம்தான் போனது. லேண்ட்லைன் மட்டும் நின்றதா?

குடந்தை எக்ஸ்சேஞ்ச் (ஓய்வு)

நல்ல கேள்வி தம்பி. 2018 நவம்பர் 16 விடியற்காலை அது வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் கரை ஏறியது. லட்சத்துக்கும் மேலே மின்கம்பங்கள் சாய்ந்தன. லேண்ட்லைன் மட்டும் நின்றது என்று நான் சொன்னால் அது பாதிதான் உண்மை. எக்ஸ்சேஞ்சிலிருந்து தெருமுனைப் பில்லர் (இணைப்புப் பெட்டி) வரைக்கும் கேபிள் மண்ணுக்கடியில் போகும், அது பிழைத்தது. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகும் டிராப் வயர் மேலேதானே தொங்குகிறது? தென்னை விழுந்த இடமெல்லாம் அதுவும் அறுந்தது. பாக்கி இருந்த இணைப்புகள் எக்ஸ்சேஞ்சில் டீசல் இருந்தவரை பேசின. செல்போன் டவரும் அப்படியே, பேட்டரி தீர்ந்ததும் ஊமையாகிவிட்டது.

வேதாரண்யம் பக்கம் இன்னொரு தொல்லை. உப்புக் காற்றும் அடைமழையும் சேர்ந்து ஜாயின்டில் பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் புகார் குவியும். குழிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று, ஒவ்வொரு ஜோடியாகத் துடைத்து முறுக்கிய நாட்கள் உண்டு. செம்புக்கும் வயதாகிவிட்டது. நான் அதற்காக வாதாடவில்லை.

கூத்தாநல்லூர் மைந்தன்

இந்த இழையைப் படித்ததும் எங்கள் வீடு ஞாபகம் வந்தது. வாப்பா துபாயில் இருந்த காலத்தில் எங்களுக்குக் குரல் கேசட்டில்தான் வரும். ஊருக்கு யாராவது வந்தால் அவர் கையில் கொடுத்தனுப்புவார். உம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் எங்களைப் பேசவைத்துத் திருப்பி அனுப்புவார். அப்புறம் எஸ்.டி.டி. பூத் வந்தது. கண்ணாடி அறைக்குள் நான்கு பேர் நெருக்கிக்கொண்டு நிற்போம். பேசுவதைவிட, சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டரைப் பார்ப்பதுதான் அதிகம். "சரி, வச்சிடுறேன், ஏறுது" என்பதுதான் ஒவ்வொரு அழைப்பிலும் கடைசி வாக்கியம்.

இன்று என் மகன் அபுதாபியில் இருக்கிறான். இணைய அழைப்பு வந்தபிறகு காசுக் கவலை இல்லை. ஆனால் எல்லாரும் நினைக்கிற மாதிரி வாட்ஸாப்பில் கூப்பிட முடியாது. அமீரகத்தில் வாட்ஸாப் அழைப்பு தடுக்கப்பட்டிருக்கிறது, அனுமதி வாங்கிய போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச வேண்டும். சவூதியில் 2017-ல் இணைய அழைப்புத் தடையைத் தளர்த்தினார்கள். அதனால் சவூதியில் இருக்கும் மச்சானோடு ஒரு செயலி, மகனோடு வேறு செயலி. லேண்ட்லைன் எண் இருந்தால் உலகத்தின் எந்த போனிலிருந்தும் எந்த போனுக்கும் மணி அடிக்கும். இந்தச் செயலிகள் ஒன்றோடொன்று பேசாது. இது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

பொட்டலம்

மாயவரத்துக்காரன், சென்னையில் நெட்வொர்க் வேலை. இங்கே இரண்டு விஷயம் கலந்துவிட்டது, பிரித்துச் சொல்கிறேன்.

வாட்ஸாப், ஸ்கைப் மாதிரி செயலிகள் ஒரு வகை. கூத்தாநல்லூர் அண்ணன் சொன்னதுபோல அவை தனித்தனித் தீவுகள். ஸ்கைப் 2003-ல் வந்து உலகையே பேசவைத்தது, 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். அதை நம்பியிருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

இன்னொரு வகை, தொலைபேசி வலைப்பின்னலே இணைய முறைக்கு மாறுவது. உங்கள் குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து எண்ணாக்கி, 20 மில்லி வினாடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புவார்கள். அதாவது வினாடிக்கு 50 பொட்டலம். போய்ச் சேர 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் காதுக்குத் தாமதம் தெரியாது. தாண்டினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, "நீங்க சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க" என்று ஆகும். ஃபைபரில் வரும் லேண்ட்லைன் இந்த வகைதான். உங்கள் செல்போனில் இருக்கும் வோல்ட்டியும் (VoLTE, 4ஜி வழியே போகும் குரல் அழைப்பு) இதே வகை. ஜியோவில் முதல் நாளிலிருந்தே எல்லா அழைப்பும் இப்படித்தான் போகிறது. ஆகவே வடக்குவீதிக்காரர் 2016-ல் லேண்ட்லைனை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்ததும் இணைய அழைப்பில்தான், பெயர்தான் வேறு.

இதற்கு இங்கே சட்டம் மெதுவாகத்தான் வழிவிட்டது. 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் கணினியிலிருந்து அமெரிக்காவில் இருக்கும் போனுக்குப் பேசலாம், பக்கத்துத் தெரு லேண்ட்லைனுக்குப் பேசக் கூடாது. உள்நாட்டு எண்களுக்கும் பேச வழி திறந்தது 2018-ல்தான்.

இன்னொரு தகவல் பலருக்கு வியப்பாக இருக்கும். 2006 வாக்கில் நாட்டில் சுமார் 5 கோடி லேண்ட்லைன் இருந்தது. 2020 வாக்கில் 2 கோடி அளவுக்கு இறங்கியது. அதன்பின் மறுபடி ஏறி 3 கோடியைத் தாண்டிவிட்டது. ஃபைபர் இணைப்போடு ஒரு லேண்ட்லைன் எண்ணையும் சேர்த்துக் கொடுப்பதுதான் காரணம். செத்துப்போனது செம்புக் கம்பிதான். எண் சாகவில்லை.

தேரடி உரக்கடை

பொட்டலம் தம்பி கடைசியில் சொன்னதுதான் என் அனுபவமும். திருவாரூரில் எங்கள் கடை எண் 04366-ல் தொடங்கும். பில் புத்தகம், சாக்குப் பை, வருடாவருடம் கொடுக்கிற காலண்டர் எல்லாவற்றிலும் அதுதான். குறுவைக்கு மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த மறுநாள் காலையிலிருந்து டி.ஏ.பி. இருக்கிறதா, யூரியா வந்துவிட்டதா என்று மணி அடித்துக்கொண்டே இருக்கும். செல் எண்ணை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 04366 என்று பார்த்தால் இது ஊருக்குள் இருக்கிற கடை, கதவைத் தட்டிக் கேட்கலாம் என்று விவசாயிக்கு ஒரு தைரியம்.

போன வருடம் ஃபைபருக்கு மாறினோம், அதே எண்ணைக் கொடுத்தார்கள். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். செல் எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம், 2011-லிருந்து நாடு முழுக்க அந்த வசதி இருக்கிறது. லேண்ட்லைனுக்கு அது கிடையாது. ஆகவே வேறு நிறுவனத்துக்குப் போனால் பழைய எண் போய்விடும். வெண்ணாற்றங்கரை சார், முதலில் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெள்ளைக் கோட்

நாகை மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். போன மாசி மாதம் ஒரு பாட்டியைக் கொண்டுவந்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு வீடியோ கால் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் கோணி, அப்படியே சாய்ந்துவிட்டார். மகன் எல்லாவற்றையும் திரையில் பார்க்கிறார். ஆனால் அங்கிருந்து 108-ஐ அழைக்க முடியாது. வாட்ஸாப்பில் 108, 112 எதற்கும் பேச முடியாது. அவர் எதிர்வீட்டு லேண்ட்லைனுக்கு ஐ.எஸ்.டி. போட்டிருக்கிறார். சின்ன வயதில் பி.பி. நம்பராக (சொந்த போன் இல்லாதவர்கள் தொடர்புக்குக் கொடுக்கும் பக்கத்து வீட்டு எண்) எல்லாருக்கும் கொடுத்த எண்ணாம் அது, மனப்பாடமாக இருந்திருக்கிறது. எதிர்வீட்டார் ஓடிப்போய்ப் பார்த்து, 108-க்குச் சொல்லி, நேரத்தோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். பாட்டி இப்போது நடக்கிறார்.

அதனால் சார், எதை வைத்தாலும் சரி, அம்மா வீட்டிலிருந்து 108-க்குப் போகிற ஒரு போன் எந்நேரமும் இருக்க வேண்டும். எதிர்வீட்டு எண், தெருவில் வண்டி வைத்திருப்பவர் எண், இரண்டையும் உங்கள் தங்கையிடம் கொடுத்துவையுங்கள்.

அப்புறம் ஒன்று. வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டிப் பணம் பறிக்கிற கூட்டம் இருக்கிறது. தனியாக இருக்கும் பெரியவர்களைத்தான் குறிவைக்கிறார்கள். தெரியாத எண்ணிலிருந்து வீடியோ கால் வந்தால் எடுக்கவே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

பொட்டலம்

சிஸ்டர் சொன்னதை வைத்து ஒன்று சேர்க்கிறேன். பிரிட்டனில் பழைய செம்புக் கம்பித் தொலைபேசியை 2025 கடைசியோடு நிறுத்துவதாக இருந்தார்கள். கழுத்தில் அவசரப் பொத்தான் மாட்டிக்கொண்டு தனியாக வாழும் பெரியவர்களுக்கு ஆபத்து என்று பேச்சு எழுந்ததும், 2027 ஜனவரி 31-க்குத் தள்ளிவைத்தார்கள். லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர எண்ணுக்குப் பேச வழி செய்துதர வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. அதற்கு பேட்டரியோ செல்போனோ நிறுவனம்தான் தர வேண்டும். ஒரு மணி நேரம் என்பது நம் டெல்டாவுக்குப் போதாது. ஆனால் பொறுப்பு யாருடையது என்பதை அவர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். எக்ஸ்சேஞ்ச் ஐயா கேட்ட கேள்விக்கு நாமும் அப்படி ஒரு பதில் எழுதி வாங்க வேண்டும்.

ஃபைபர் தம்பி

பட்டுக்கோட்டை பக்கம் கேபிள் டிவி நடத்தி, இப்போது ஃபைபர் இழுத்துக் கொடுக்கிறேன். தினமும் நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

நல்லது முதலில். கண்ணாடி இழைக்குக் களிம்பு கிடையாது, இடி இறங்காது. முன்பு சித்திரை மாதக் கோடை இடிக்கு செம்புக் கம்பி மோடமெல்லாம் வரிசையாகக் கருகும். அது நின்றுவிட்டது. கெட்டது, மின்கம்பத்திலேயே கட்டிக்கொண்டு போகிறோம், கம்பம் சாய்ந்தால் அதுவும் சாயும். அணில் கடிக்கும். ரோடு போடும் ஜே.சி.பி. அறுக்கும். அறுந்தால் மெஷின் வைத்து ஒட்டினால்தான் உண்டு.

கரண்டுக்கு வழி இருக்கிறது சார். மோடத்துக்கு 12 வோல்ட் போதும். அதற்கென்றே உள்ளங்கை அளவில் மினி யு.பி.எஸ். கிடைக்கிறது. மோடம் மட்டும் ஓடினால் மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் உங்கள் வீட்டில் ஓடினால் மட்டும் போதாது. லைன் கொடுக்கிற ஆபரேட்டர் அறையிலும் பேட்டரி இருக்க வேண்டும். "உங்க பக்கம் எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

கார்ட்லெஸ் போன் வாங்கிவிடாதீர்கள், அதற்கும் தனியாகக் கரண்ட் வேண்டும்.

வெண்ணாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஃபைபர் தம்பி சொன்னபடி ஆபரேட்டரிடம் கேட்டேன். அவர் தன் அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் பேட்டரியைக் காட்டினார், எட்டு மணி நேரம் என்றார். அதே எண் தருவதாகவும் உறுதி சொன்னார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டோம்.

ஆனால் ஒரு சிக்கல். மணி வருகிறது, பேச முடிகிறது, அம்மா டயல் செய்தால் மட்டும் போவதில்லை. எண்ணை அழுத்தினால் டக்டக்கென்று சத்தம் வந்து நின்றுவிடுகிறது. புது போன் வாங்கச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு அந்த போன்தான் வேண்டும், விரல் அதற்குத்தான் பழகியிருக்கிறது.

குடந்தை எக்ஸ்சேஞ்ச் (ஓய்வு)

வாங்காதீர்கள். போனைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியிலோ பக்கவாட்டிலோ சின்னதாக ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும், பி (பல்ஸ்), டி (டோன்) என்று இரண்டு எழுத்து. பழைய எக்ஸ்சேஞ்சுக்காகப் பல்ஸில் வைத்திருப்பார்கள். பல்ஸ் என்பது 5 அழுத்தினால் லைனை ஐந்து முறை வெட்டிச் சேர்ப்பது. நிறைய மோடங்களுக்கு அந்த பாஷை தெரியாது. டோன் பக்கம் தள்ளிவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை

ஐயா, அதேதான். இருபத்தெட்டு வருடத் தூசியில் சுவிட்ச் இறுகிப்போயிருந்தது. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஊக்கால் தள்ளினேன். இப்போது அழுத்தினால் பாட்டு மாதிரி சத்தம் வருகிறது என்கிறார் அம்மா.

மினி யு.பி.எஸ். வைத்து, மெயினை அணைத்துச் சோதித்தேன். மூன்று மணி நாற்பது நிமிடம் தாங்கியது. இன்னொன்று வாங்கி சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன், மாற்றிச் செருக எதிர்வீட்டுப் பையனுக்குக் காட்டிக்கொடுத்தேன். நோட்டின் முதல் பக்கத்தில் 108-ஐப் பெரிதாக எழுதியாயிற்று. எதிர்வீட்டு எண்ணும் ஆட்டோக்காரர் எண்ணும் தங்கையிடம் இருக்கின்றன. செல்போனையும் விடவில்லை, சாயங்காலம் விளக்கேற்றும்போதே அதையும் சார்ஜில் போட்டுவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ராத்திரி அங்கே காற்றும் மழையும். பத்தரை மணிக்கு ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது என்று எதிர்வீட்டுப் பையன் செய்தி அனுப்பினான். பதினொன்றரைக்கு திருச்சியிலிருந்து 04367 போட்டேன். நான்கு மணி அடித்தது.

"யாரு? நீயாடா? தூங்காம என்னடா பண்ற இந்நேரத்துக்கு?" என்றார் அம்மா.